ஒரு தரம் கூப்பிட்ட குரல்

மேல் டிவிஷன், மெர்போக்
2.2.2025

ரூபினிக்கு,

குரல் பிடித்த அன்றைக்கு இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு ஒருவரும் நான் அங்கே இல்லை, நான் பார்க்கவில்லை என்று நழுவக்கூடாது. நீ இருந்தாய். உன்னோடு முச்சந்திக் கலைக்குழுவை நடத்துகிற இவான் இருந்தான், காதில் கறுப்பு மூடியை மாட்டிக்கொண்டு, பூனைக்குட்டி மாதிரி ரோமம் வைத்த மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு. கோயில் தலைவர் சுகுமாரன் நாற்காலியில் இருந்தார், மற்றவர்கள் பாயில். பழைய மண்டோர், தோட்டத்துக் கங்காணியாக இருந்த மோரிஸ், அவர் சம்சாரம் பேட்ரிசியா. ஆற்றோரத்தில் மரவள்ளி போடுகிற நடராஜா கூப்பிடாமலே வந்து இரண்டு தட்டு மீகூன் சாப்பிட்டான். என் மகள் லோகேஸ்வரி ஃபேக்டரிக்கு லீவு போட்டிருந்தாள். என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் இருந்தார். புத்தி தடுமாறினவர் என்று அவரைக் கணக்கில் விட்டுவிடாதே.

நீ என்ன சொன்னாய்? "பாட்டி, வேலைக்காட்டிலருந்து உங்க வீட்டு ஆளை எப்படிக் கூப்பிடுவீங்களோ, அப்படியே கூப்பிடுங்க. எல்லார் குரலையும் சேத்து நாம ஒன்னு செய்யப்போறோம்" என்றாய். நாம் என்றாய். சரி என்று நான் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "ஏங்க, வாங்க" என்று மூன்று தரம் கூப்பிட்டேன். மூன்று தரம்தான் கூப்பிடுவோம். வெளியிலிருந்து ஒரு தரம் மட்டும் ஒரு குரல் கூப்பிட்டால் இந்தத் தோட்டத்து டிவிஷனில் யாரும் வாயைத் திறக்க மாட்டோம். மனுஷர் மூன்று தரம் கூப்பிடுவார்கள். மற்றதுக்கு ஒரு தரத்துக்கு மேல் கூப்பிட வராது. இது நான்கு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

பொங்கல் முடிந்து செம்பனை மரங்களில் ஸ்பீக்கர் பெட்டிகளைக் கட்டினீர்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அது தானாகக் கூப்பிட ஆரம்பிக்கிறது. என் குரலும் வருகிறது. ஒரே ஒரு தரம்! மற்ற இரண்டையும் அரிந்து எங்கே போட்டீர்கள்?

அவருக்கு இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாது. பெற்ற மகளைப் பார்த்து, நீ எந்தத் தோட்டத்துப் பிள்ளை என்று கேட்கிறார். என் குரல் ஒன்றுதான் அவர் தலையில் மிச்சம் இருக்கிறது. பெட்டி கூப்பிட்டதும் எழுந்து போய்விடுகிறார். முந்தாநாள் பெரிய அல்லூர் வாய்க்கால் விளிம்பில் லோகேஸ்வரி பிடித்து இழுத்து வந்தாள். அல்லூரைத் தாண்டினால் ஆறு. அந்த ஆற்றில் என்ன கிடக்கிறது என்று உனக்குத் தெரியும். முதலையைக் கண்டு கூச்சல் போட்டு, பிறகு படமும் எடுத்தவள் நீதானே.

என் குரலைக் கழற்றிவிடு. ஃபோனில் பேசச் சொல்லாதே. லோகேஸ்வரி, வாய்ஸ் அனுப்பு அம்மா என்று நச்சரிக்கிறாள். ஒரு தரம் குரலைக் கொடுத்துப் பார்த்தது போதும். காகிதத்துக்குக் குரல் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

பாப்பம்மா

*

முச்சந்தி கலைக்கூடம், சுங்கைப்பட்டாணி
9.2.2025

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் கடிதத்தை நானும் இவானும் திரும்பத் திரும்பப் படித்தோம். குழந்தைவேலு தாத்தா அல்லூர் வரை போனது எங்களால்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மூன்றை ஒன்றாக்கியது நாங்கள்தான். அதற்குப் பின்னால் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. நான் டவுனில் வளர்ந்தவள், இவான் வீட்டிலும் யாரும் சொன்னதில்லை. கேட்டிருக்க வேண்டும். ஒரு தரம் கூப்பிட்டு நிறுத்தினால், கேட்கிறவர்கள் மனத்தில் அடுத்த குரலுக்கான காத்திருப்பு வரும் என்று இவான் நினைத்தார். எனக்கும் அது அழகாகத்தான் பட்டது. மற்றவர்கள் எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நீங்கள் மட்டும்தான் பேரே இல்லாமல் கூப்பிட்டீர்கள். அதைக் கேட்கிற யாருக்கும் தன்னையே கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அந்த வேலைக்கே அதுதான் உயிர் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

கழற்றுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது பாட்டி. இது எங்கள் வேலை இல்லை, உங்கள் எல்லாருடைய வேலை. சித்திரை வரை மரத்தில் இருக்கட்டும் என்று கூட்டத்தில் எல்லாரும் கை தூக்கினீர்கள். நீங்களும் தூக்கினீர்கள், வீடியோவில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இருக்கிற மகனைக் கூப்பிட்ட மோரிஸ் ஐயா, தினமும் அந்த நேரத்துக்கு மரத்தடியில் போய் நிற்கிறாராம். ஒருவர் கேட்டார் என்று நாங்களே கழற்றினால், மறுபடி டவுன்காரர்கள் முடிவு செய்த மாதிரி ஆகிவிடும். மாதக் கடைசியில் பினாங்கிலிருந்து பார்க்க ஆட்கள் வேறு வருகிறார்கள்.

சத்தத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்துக்கு மட்டும் கதவைப் பூட்டி வைக்க முடியுமா? எழுதும்போதே எனக்கு இது சரியாகப் படவில்லை. வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

அன்புடன்,
ரூபினி

*

மேல் டிவிஷன்
13.2.2025

ரூபினி,

கதவைப் பூட்டச் சொன்னாய், பூட்டினேன். வந்து அவர் நெற்றியைப் பார். கதவில் முட்டி முட்டிப் புடைத்துப்போய்விட்டது. "தெறங்கடா, அவ நிக்கிறா வெளிய" என்று கத்துகிறார். லோகேஸ்வரி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறோம். கூப்பிடுகிறது நின்ற பிறகும் அவர் கை கதவை விடவில்லை.

சத்தத்தைக் குறைத்தேன் என்கிறாய். குறைத்ததால் கிட்டே நின்று மெல்லக் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிட்டது. முன்னே மரத்திலிருந்து வந்தது. இப்போது வேலியோரத்தில் நிற்கிறது.

நான் கை தூக்கினேனாம், வீடியோவில் இருக்கிறதாம். டீ கொண்டு வா என்று லோகேஸ்வரிக்குக் கை காட்டினேன். அதையும் ஓட்டில் சேர்த்துக்கொண்டீர்களா? எல்லாருடைய வேலை என்று எழுதுகிறாய். எல்லாருடையது என்றால் அதில் நானும் ஒருத்திதானே. என் தொண்டைக்கு மோரிஸ் எதற்குக் கை தூக்க வேண்டும்? 1991-இல் பொதுக்குழாய்த் தண்ணீருக்கு எனக்கு முன்னால் வாளியை வைத்த மனுஷர் அவர். அதையே நான் இன்னும் விடவில்லை.

பேட்ரிசியா அவர் மாதிரி இல்லை. சாயங்காலம் ஆனால் காயப்போட்ட துணியைக்கூட எடுக்க வெளியே வருவதில்லை. கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக என்னிடம் கேட்கிறாள்: "பாப்பம்மா, இப்பக் கூப்புட்டது நீயா, அதுவா?"

உனக்கு ஒன்று சொல்கிறேன். நான் சமையல்கட்டில் அரிசி களைந்துகொண்டு நிற்கிறேன். வெளியே நான் கூப்பிடுகிறேன். என் குரல்தான், என் இழுப்புதான். உள்ளே நிற்கிறவள் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள், வெளியே நிற்கிறவள் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். இதில் வீட்டுக்காரி யார் என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

முச்சந்தி என்று குழுவுக்குப் பேர் வைத்தீர்களே, அங்கே நாங்கள் திருஷ்டி கழித்துப் பூசணிக்காயை உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவோம். பேர் வைக்கும்போது ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லவில்லையா?

வந்து கழற்று. பினாங்குக்காரர்கள் வந்து கேட்க வேறு குரல் இல்லையா?

பாப்பம்மா

*

சுங்கைப்பட்டாணி
20.2.2025

பாட்டி,

எல்லாப் பெட்டிகளையும் கழற்றிக் கொண்டுவந்துவிட்டோம். உங்களுடையதை மட்டும் இல்லை, எல்லாவற்றையும். நேற்று மத்தியானம் ஏணியோடு வந்தோம். நீங்கள் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் துணி அசைந்தது, பார்த்தேன்.

இந்தத் தடவை கூட்டம் போடவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுகுமாரன் ஐயா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஏணிக்கடியில் வந்து நின்றார். "தொங்க வுடும்போது ஊரையே கூப்புட்டுக் கை தூக்கச் சொன்னீங்க. கழட்டும்போது மட்டும் எங்க கை வேணாமா லா?" என்றார். மோரிஸ் ஐயாவும் வந்திருந்தார். மகனைக் கூப்பிட்ட பெட்டியை இவான் இறக்கும்போது, கீழே நின்று இரண்டு கையாலும் வாங்கிக் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

இவானும் நானும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. "ஒரு பாட்டி பயந்தாங்கன்னு எல்லார் குரலையும் அடைச்சிட்டே" என்கிறார். "ஒருத்தர் உயிர் போற மாதிரி இருந்தா அது கலையா?" என்று நான் கேட்டேன். எட்டு வருஷமாகச் சேர்ந்து வேலை செய்கிறோம், இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. பினாங்குக்காரர்களுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பெட்டிகள் என் எதிரில் மேசைமேல் இருக்கின்றன. பேட்டரிகளையும் எடுத்தாயிற்று. இனி உங்கள் வீட்டுச் சாயங்காலம் உங்களுடையது. தாத்தாவின் நெற்றிக் காயத்தைக் கிளினிக்கில் காட்டினீர்களா?

ரூபினி

*

மேல் டிவிஷன்
24.2.2025

ரூபினி,

பொய் சொல்லாமல் பதில் எழுது. ஒரு பெட்டியை விட்டுவிட்டாயா?

நீங்கள் கழற்றிப் போன பிறகு இரண்டு சாயங்காலம் ஒன்றுமில்லை. அவர் சோறு சாப்பிட்டார். மூன்றாம் நாள் மறுபடி கூப்பிடுகிறது. என் குரல். அதே மாதிரி ஒரு தரம். செம்பனைப் பக்கம் இல்லை, இப்போது ஆற்றுப் பக்கத்திலிருந்து. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கேட்கிறது, இல்லாவிட்டால் இல்லை. லோகேஸ்வரிக்கு இந்த வாரம் சாயங்கால ஷிஃப்ட், அவள் கேட்கவில்லை. "அம்மா, ஒங்க காதுல அது ஒட்டிக்கிச்சி" என்கிறாள். பேட்ரிசியாவைக் கேட்டால், என்னிடம் அந்தப் பேச்சே எடுக்காதே என்று ஜன்னலைச் சாத்துகிறாள்.

அவருக்குக் கேட்கிறது. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குக் கேட்ட அதே நேரத்தில் அவர் தலை திரும்பியது.

அவர் இடுப்பில் என் பழைய சேலையைக் கட்டி, மறு முனையை என் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போய்ப் பார்க்கலாம் என்றால் அவரை யாரிடம் விட்டுவிட்டுப் போவேன்? அதோடு, போகவும் பயம். நான் யாருக்கும் பயந்தவள் இல்லை. துரைக்குப் பயந்ததில்லை, கிராணிக்குப் பயந்ததில்லை. அங்கே போய் அதன் எதிரில் நின்று, அது என்னைப் பார்த்து என் குரலில் கூப்பிட்டால் நான் என்ன செய்வேன்?

உடனே எழுது.

பாப்பம்மா

*

சுங்கைப்பட்டாணி
1.3.2025

பாட்டி,

சத்தியமாக விடவில்லை. எல்லாப் பெட்டிகளும் இங்கே இருக்கின்றன. இவானை எழுப்பி, சண்டையையும் மறந்து, இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி சரிபார்த்தோம். ஒன்றும் குறையவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து கலைக்கூடத்தில் தனியாக இருக்க எனக்கும் ஒரு மாதிரியாக இருக்கிறது. நேற்று மைவி காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். செமிலிங் வரை வந்துவிட்டேன். அப்போதே வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. அதற்கு மேல் வர முடியவில்லை, திருப்பிவிட்டேன். உங்களை அங்கே உட்கார்த்தி வைத்துவிட்டு நான் திரும்பி வந்தேன். வெட்கமாக இருக்கிறது.

இவான் ஒன்று சொல்கிறார். தொடக்க நாளில் எத்தனையோ பேர் பெட்டிக் குரல்களை ஃபோனில் பிடித்தார்கள். அதில் யாரோ ஒருவர் ஓட்டிக்கொண்டிருக்கலாம். யார், எதற்காக என்று எங்களுக்குத் தெரியவில்லை. உங்களைப் பயமுறுத்தி யாருக்கு என்ன லாபம்? லோகேஸ்வரி அக்காவுக்கும் சுகுமாரன் ஐயாவுக்கும் ஃபோன் செய்து, பகலில் ஆற்றோரம் தேடச் சொல்லியிருக்கிறேன். தாத்தாவைக் கட்டிய சேலையை அவிழ்க்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று உங்களிடம் பிடித்த முழுப் பதிவையும் நேற்றுதான் மறுபடி போட்டுக் கேட்டேன். முதல் தரம் சாதாரணமாகக் கூப்பிடுகிறீர்கள். இரண்டாம் தரம் கொஞ்சம் இழுத்து. மூன்றாம் தரம் கூப்பிட்டுவிட்டு, "காது என்ன வாடகைக்கா வுட்டிருக்கீங்க?" என்று திட்டுகிறீர்கள், பின்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிப்பு அடங்கின பிறகு தாத்தாவின் குரல் வருகிறது. "வந்துட்டேன்டி, கத்தாத" என்கிறார். தெளிவாக இருக்கிறது பாட்டி. மைக்குக்கு வெகு பக்கத்தில்.

நாங்கள் அதை வெட்டிவிட்டோம். அவர் பதில் சொன்னதை வெட்டிவிட்டு, உங்களைக் கூப்பிட மட்டும் வைத்திருக்கிறோம்.

ரூபினி

*

மேல் டிவிஷன்
9.3.2025

ரூபினிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சேலை முடிச்சை அவர் அவிழ்க்கவில்லை. நான்தான் கண் அசந்துவிட்டேன். கையில் சுற்றின முனை அப்படியே இருக்கிறது, மறு முனையில் அவருடைய இடுப்புச் சாரம் மட்டும் கிடக்கிறது. மனுஷர் அரைக் கால்சட்டையோடு போய்விட்டார். வெளிச்சம் இன்னும் இருந்தது. தெருவில் இறங்கி ஓடினேன். இந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. செருப்பு ஒன்று அல்லூரில் போய்விட்டது. அல்லூர் பாலத்தில் அவர் கால் சேறு பதிந்திருந்தது. கூப்பிடலாம் என்று வாயைத் திறக்கிறேன், அதற்குள் முன்னாலிருந்து என் குரலே கூப்பிடுகிறது. "ஏங்க, வாங்க." நான் வாயை மூடிக்கொண்டேன்.

நடராஜாவின் மரவள்ளிக் கொல்லை. அதற்குப் பின்னால் நீபாப் பனைப் புதர், அதற்குப் பின்னால் ஆறு. நீபா ஓரத்தில் முழங்கால் சேற்றில் அவர் நிற்கிறார். குச்சியில் கட்டின ஒரு சின்ன ஸ்பீக்கர், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கிற சிவப்பு நிறத்தது. அதில்தான் நான் இருக்கிறேன். அவர் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் அவருக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தது.

நான் போய்க் கையைப் பிடித்தேன். "வாங்க வீட்டுக்கு" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் கோபம்கூட இல்லை. யாரோ ஒரு பொம்பளையிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னார்: "சத்தம் போடாதீங்கம்மா. எம் பொண்டாட்டி கூப்புடுறா."

"நாந்தாங்க ஒங்க பொண்டாட்டி" என்றேன்.

"அவ கொரலு எனக்குத் தெரியாதா?" என்றார்.

பிறகு நான் மூன்று தரம் கூப்பிட்டேன். அவர் காதுக்குப் பக்கத்தில் நின்று, தொண்டை கிழிய. திரும்பவில்லை. நடராஜா சத்தம் கேட்டுக் குடிசையிலிருந்து ஓடி வந்து ஸ்பீக்கரை அமுக்கினான். அது நின்றதும் அவர், பஸ் போய்விட்ட ஆள் மாதிரி நின்றார். நடராஜா அவரைச் சேற்றிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டில் சேர்த்தான்.

அவனை என்ன கேட்டேன் என்று நீ எழுத்தில் படிக்க வேண்டாம். அவன் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். "கோவிச்சிக்காதீங்க லா அக்கா. மரத்துல பொட்டி கத்துன வரைக்கும் பன்னி ஒன்னு கூட எங்கொல்லைப் பக்கம் வரல. அவுத்துட்டுப் போனதும் ரெண்டே நாள்ல பாதிக் கெழங்கத் தோண்டிருச்சி. ரேடியோ போட்டுப் பாத்தேன், பழகிப்போச்சி அதுங்களுக்கு. ஃபோன்ல பொட்டிங்க எல்லாத்தையும் புடிச்சி வச்சிருந்தேன். மண்டோர் கொரலு போட்டேன், வந்துச்சி. ஒங்க கொரலு போட்டேன், அந்தப் பக்கம் தலை வெச்சிப் படுக்கல அக்கா!" பன்றிக்குக்கூட என்னைத் தெரிந்திருக்கிறது. "என்னைக் கேட்டியாடா?" என்றேன். "கேட்டா குடுத்திருப்பீங்களா?" என்கிறான். ஊரே பயந்து கிடக்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, உங்களுக்குப் பயந்துதான் என்று அழுதான். பகலில் அதை அவிழ்த்துக் குடிசைக்குள் வைத்துவிடுவானாம், அதனால்தான் தேடினவர்கள் கையில் அகப்படவில்லை.

இப்போது குரல் எங்கேயும் இல்லை. மரத்தில் இல்லை, கொல்லையில் இல்லை. பயம் தீர்ந்தது என்று நினைப்பாய். ரூபினி, இப்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் வாசலில் உட்கார்ந்துகொண்டு காதை வெளியே வைத்திருக்கிறார். சோறு இறங்கவில்லை. நான் ஊட்டப் போனால், "எம் பொண்டாட்டி வரட்டும்மா" என்கிறார். நான் பேசப் பேச, யார் இவள் என்று அவர் முகம் சுருங்குகிறது. அதனால் வீட்டில் நான் பேசுவதையே விட்டுவிட்டேன். லோகேஸ்வரியிடம்கூடச் சைகையில்தான் சொல்கிறேன். கிளினிக் டாக்டர், அவர் உடம்பு இப்படியே போனால் தாங்காது என்றார்.

உன் கடிதத்தில் கடைசியில் எழுதியிருந்தாயே, அதை லோகேஸ்வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எனக்கும் படிக்கத் தெரியும். வேறு வாயில் கேட்க வேண்டியிருந்தது.

அதைக் கொண்டு வா. வெட்டாதது. மூன்று தரமும், என் திட்டும், எல்லாரும் சிரிப்பதும், அவர் பதில் சொல்வதும், எல்லாம் சேர்ந்தது. மரத்தில் கட்ட வேண்டாம். எங்கள் கட்டிலுக்கு அடியில் வை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்குள்ளே அது கூப்பிடட்டும். வந்துவிட்டேன் என்று அவரே சொன்னதை அவரே கேட்டால், வந்துவிட்டோம் என்று நினைத்து உட்காருவாரோ என்னவோ. நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொள்கிறேன். கூட்டம் போடாதே, யாரையும் கை தூக்கச் சொல்லாதே. பகலில் வா. இவானையும் கூட்டி வா, வயர் வேலை அவனுக்குத்தான் தெரியும். மோரிஸ் மகனைக் கூப்பிட்ட பெட்டியையும் எடுத்து வந்து அவர் வீட்டில் கொடுத்துவிடு, தண்ணீர் வாளிக் கணக்கு வேறு கணக்கு.

நீ செமிலிங்கிலிருந்து திரும்பிப் போனதை நான் பெரிதாக எடுக்கவில்லை. பயந்தால் திரும்பத்தான் தோன்றும். நடராஜா தினமும் காலையில் கிழங்கு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு ஓடுகிறான், அவனை ஒரு வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்கிறேன். இவான் அரிந்தான், தெரியாமல் அரிந்தான்.

ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவளை விட்டுவிட்டு, குச்சியில் கட்டின சிவப்புப் பெட்டியைப் பார்த்து, அவள் குரல் எனக்குத் தெரியாதா என்று என்னிடமே கேட்ட ஆளை நான் சாகிற வரைக்கும் சோறு ஊட்டுவேன், குளிப்பாட்டுவேன், சேலையில் கட்டி வைப்பேன். மன்னிக்க மாட்டேன்.

குழந்தைவேலுவை.

பாப்பம்மா